இருபது சதவீதக் கரைசல்

பிப்ரவரி 11, செவ்வாய்

லேப் நோட்டில் அளவுகளை மட்டும் எழுதவேண்டுமாம், ஆதங்கத்தை எழுதக் கூடாதாம். மதுரையில் இருக்கும் என் கைடு சொல்லிவிட்டார். சரி, ஆதங்கத்துக்கு இந்த டைரி. கோவில்பட்டி நகைக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் ஒரு நெக்லஸ் படம். வாங்க முடியாததைப் பார்த்துக்கொண்டே எழுதலாம்.

இன்று இருபது சதவீத எத்தனால் கரைசலில் முதல் ரன். நன்றாக வந்தது.

வேலை இதுதான். சி.டி.ஏ.பி. என்று ஒரு சர்ஃபேக்டன்ட், தலைக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கிற வகையறா. அதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு நீள வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தால், ஓர் அளவு வரைக்கும் தனித்தனியாகச் சுற்றும். அதைத் தாண்டியதும் வால்கள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே நிற்க, உருண்டையாகக் கூடிவிடும். அந்த உருண்டைதான் மைசெல். கரைசலில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து கிராஃப் போட்டால், மைசெல் கூடத் தொடங்குகிற இடத்தில் கோடு ஒடியும். அந்த ஒடிவைப் பிடிக்கத்தான் நாலு வருஷமாக பார்ட் டைமில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரோடு ஆல்கஹால் சேர்ந்தால் வாலுக்குச் சூழ்நிலை இதமாகிவிடும், ஓடி ஒளியவேண்டிய அவசியம் குறைந்துவிடும். ஆகவே ஒடிவு தள்ளிப் போகும். ஆல்கஹால் மிஞ்சினால் மைசெல்லே கூடாது.

இதை மூன்றாம் வருஷ வகுப்பில் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "அப்போ தண்ணி போட்டா குடும்பம் கலைஞ்சிரும், அப்படித்தானே மேடம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மீட்டரை செட் பண்ணிக் கொடுத்தது இவர்தான். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், அதே டிபார்ட்மெண்டில் எனக்கு ஆறு வருஷம் சீனியர். கண்ணாடிச் சாமானைத் தொட்டால் அவர் கைக்கு ஒரு நிதானம் வரும், பார்க்க அழகாக இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்ததைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. வகுப்புக்கு அந்த நிலையில் வந்ததும், ஆறு மாதம் சஸ்பெண்ட் ஆனதும், இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்ததும் ஊருக்கே தெரியும். அய்யனார் கோயிலில் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டினார். அதோடு முடிந்தது. கயிறு கட்டினால் கட்டினதுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

அதே கரைசல், அதே சூடு, அதே சி.டி.ஏ.பி. ஒடிவு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. எத்தனால் குறைவாக ஊற்றினால்தான் இப்படி வரும். நான் குறைவாக ஊற்றவில்லை.

வாட்டர் பாத் தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தேன். அதே கதை. இவர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, பொட்டாசியம் குளோரைடு கரைசல் போட்டு, மீட்டரில் கரைசலுக்குள் முக்குகிற செல்லைச் சரிபார்த்துக் கொடுத்தார். செல்லில் தப்பில்லை.

"சி.டி.ஏ.பி. ஈரம் குடிச்சிருக்கும், செண்பகம். பாட்டிலத் திறந்து திறந்து மூடுதல்லா" என்றார்.

சரிதான் என்று அசிட்டோனில் கரைத்துப் படிகமாக்கி, திரும்பவும் காயவைத்திருக்கிறேன். ஒரு வாரம் போச்சு. ஜூனில் சினாப்சிஸ் கொடுக்கவேண்டும்.

மார்ச் 3, திங்கள்

ஈரமில்லாத சி.டி.ஏ.பி. வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒடிவு இன்னும் முன்னால் வந்திருக்கிறது. இருபது சதவீதம் என்று நான் எழுதுகிற கரைசல், பன்னிரண்டு பதின்மூன்று மாதிரி நடந்துகொள்கிறது.

எத்தனால் பாட்டிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு குப்பியும் தராசும் போதும். ஒரே அளவுக் குப்பியில் தண்ணீரை ஒரு தடவை, எத்தனாலை ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பி.எஸ்சி. முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற கணக்கு. இன்று தராசில் யாரோ வேலையாக இருந்தார்கள். அப்புறம் எனக்கு வகுப்பு.

சாயங்காலம் தேன்மொழி ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டே, "அம்மா, அப்பா மேல ஊசி போடுத வாசம் அடிக்கி" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்கு நீளம். ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் தடவுகிறார்களே, அந்த வாசனையைச் சொல்கிறாள். லேபில் பிப்பெட்டை ஆல்கஹாலில் அலசினால் சட்டையில் ஒட்டத்தானே செய்யும். அப்படித்தான் அவளுக்கும் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

மாவு புளித்துவிட்டது. தராசு சும்மாதான் இருந்தது. போகவில்லை.

மார்ச் 12, புதன்

இன்று வெடித்துவிட்டது.

எங்கள் ஹெச்.ஓ.டி. ஞானசெல்வம் சார் முதல் வருஷத்துக்கு எரிதல் பாடம் எடுக்கிறேன் என்று பீங்கான் கிண்ணத்தில் எத்தனாலை ஊற்றித் தீக்குச்சியைக் காட்டியிருக்கிறார். எரியவில்லை. இன்னொரு குச்சி, இன்னொரு குச்சி. கடைசிவரை எரிந்ததெல்லாம் தீக்குச்சிதான். பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். மனுஷர் முகம் சிவந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, அட்டெண்டர் சுடலைமணியைக் கூப்பிடச் சொன்னார்.

சுடலைமணி அண்ணன் குடிக்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லேப் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. ஒரு சாவி அவரிடம், ஒன்று ஞானசெல்வம் சாரிடம், ஒன்று என் ஆராய்ச்சிக்காக எங்கள் வீட்டில். ஞானசெல்வம் சார் கேட்டதும் அண்ணன் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"நான் குடிக்கிறவன்தான் சார், இல்லைங்கல. சாயங்காலம் சோலி முடிஞ்சு கடைக்குப் போயி, துட்டக் குடுத்து, நாலு பேரு பாக்கக் குடிக்கிறவன். ஒளிச்சுக் குடிக்கிற அளவுக்கு எனக்கு என்ன சார் கௌரவம் இருக்கு?"

"பின்ன யாருவே எடுத்தா? பேயா வந்து தண்ணி ஊத்திச்சு?"

"அது எனக்குத் தெரியாது சார்."

அப்படிச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் ஜன்னல் ஓரத்தில் இண்டர்னல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார், பேனா நிற்கவே இல்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வரும்போது முடிவாகிவிட்டது. விசாரணை முடியும்வரைக்கும் சுடலைமணி வேலைக்கு வரவேண்டாம்.

ஆல்கஹால் லைசென்ஸ் சரக்கு. கணக்கு இடித்தால் கல்லூரிக்குத்தான் தலைவலி. ஆகவே ஞானசெல்வம் சார் கோபப்பட்டதில் தப்பில்லை.

மார்ச் 13, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது இவர் சொன்னார். "சுடலைமணி பாவம்தான். ஆனா குடிகாரன் பேச்ச யாரு நம்புவா?" சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கருகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

புது எத்தனால் வந்து ஐந்து நாள் ஆகிறது. சீல் உடைத்தது நான். முதல் ரன்னில் பிப்ரவரியில் வந்த இடத்திலேயே ஒடிவு கச்சிதமாக விழுந்தது. இன்று முன்னால் வந்துவிட்டது.

சுடலைமணி அண்ணன் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

நிறுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

இதற்கு மேல் எழுத வேண்டாம். கேஸ் சிலிண்டர் புக் பண்ணவேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு காரியம் செய்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் டிபார்ட்மெண்டில் கெமிக்கல் எல்லாமே ஒரே மாதிரிப் பழுப்பு நிற பாட்டிலில்தான் இருக்கும். பெரிய கேனில் வருவதைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கையால் எழுதி ஒட்டுவது வழக்கம். நல்ல எத்தனால் பாதிக்கு மேல் ஞானசெல்வம் சார் அலமாரியில் பூட்டியிருந்தது. அதை என் ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்த ஒரு பாட்டிலில் ஊற்றி, 'மெத்தனால்' என்று எழுதி, மண்டையோடு வரைந்து, விஷம் என்று சிவப்பில் எழுதி ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வெளியே ஏற்கெனவே திறந்திருந்த எத்தனால் பாட்டிலை ஸிங்கில் கொட்டிவிட்டேன்.

மெத்தனாலும் பார்க்க எத்தனால் மாதிரியேதான் இருக்கும். குடித்தால் கண் போகும், அப்புறம் ஆள் போவான். அதைப் பாடமாக நடத்துகிறவர்கள் யாரும் அந்த பாட்டிலைத் தொடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "எத்தனால் தீர்ந்துபோச்சுங்க. இனி ஜூலைலதான் வரும்" என்றேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. யாரும் யாரிடமும் மாட்டிக்கொள்ளவும் இல்லை. மருந்தும் கொடுத்தாச்சு, கசப்பும் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

ஒரே வாரத்தில் பத்து, இருபது, முப்பது மூன்று கரைசலும் முடிந்துவிட்டன. கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் வந்திருக்கின்றன. மதுரை கைடு போனில், "இப்பத்தான்மா டேட்டா மாதிரி இருக்கு" என்றார். திரும்பும் வழியில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி, வீடு வருமுன்பே நானே பாதி தின்றுவிட்டேன்.

இவருக்குத்தான் உடம்பு சரியில்லை. கை நடுங்குகிறது. தூக்கமில்லை. தேன்மொழி தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அப்படி ஒரு கத்து. அப்புறம் அவரே அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் அப்படி.

என் கிராஃபை வாங்கிப் பார்த்தார். "அழகா வந்திருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனால்தான் இல்லைன்னியே, இது எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

"பழசுல கொஞ்சம் கெடந்துச்சு" என்றேன்.

"ஓ" என்றார். கிராஃபை மடிக்காமல், பத்திரமாக ஃபைலில் வைத்துத் தந்தார்.

ஏப்ரல் 9, புதன்

இவருக்கு உடம்பு தேவலை. நடுக்கம் நின்றுவிட்டது. நன்றாகத் தூங்குகிறார்.

ஒடிவு முன்னால் வந்திருக்கிறது. மீட்டரின் செல்லில் பிளாட்டினப் பூச்சு தேய்ந்திருக்கும். பழைய செல்.

பஸ் ஸ்டாண்டில் சுடலைமணி அண்ணனின் சம்சாரத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள் போல, கைவிரல் எல்லாம் மருந்துக் கறை. சிரிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. பாயசம் வைத்தேன். இவர் தேன்மொழிக்குச் சடை பின்னிவிட்டார், என்னைவிட நேராக எடுப்பார் வகிடு.

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது, "நீ டாக்டர் செண்பகவல்லின்னு போர்டு போட்டதும், நான் வேலைய விட்டுட்டு உனக்கு லேப் அசிஸ்டெண்டா வந்துருதேன்" என்றார்.

"சம்பளம் கிடையாது" என்றேன்.

"சோறு போடுவல்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இவரைக் கட்டிக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டிருக்கலாம். பண்டிகை நாளில் என்னத்தைக் கேட்பது என்று விட்டுவிட்டேன். நாளைக்கோ, செமஸ்டர் முடிந்தோ கேட்கவேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மெத்தனால் கேன் வந்திருக்கிறது. எத்தனாலோடு ஒப்பிட மெத்தனாலிலும் ஒரு வரிசை எடுக்கச் சொல்லி கைடு கேட்டதால் பிப்ரவரியிலேயே நான் போட்ட ஆர்டர். நான் நாள் முழுக்கத் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். சாயங்காலம் மாடிப்படியில் ஞானசெல்வம் சார் பிடித்துக்கொண்டார்.

"அட்டெண்டர் இல்லாட்டி என்ன மேடம், நானே இறக்கி, பாட்டில்ல ஊத்தி, லேபிள் எழுதி, மெத்தனால எல்லாம் ஒரே தட்டுல அடுக்கிட்டேன். புதுச முன்னால வச்சிருக்கேன்." அவருக்கு ஒரே பெருமை.

"தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். தேன்மொழியின் டான்ஸ் கிளாஸ் விடும் நேரம்.

ஏப்ரல் 16, புதன்

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாம் பீரியட் எனக்கு வகுப்பில்லை.

காலையில் இவருக்குத் தலைவலி, இரண்டு தடவை வாந்தி. லீவு போடுங்கள் என்றேன், கேட்கவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "லைட்டப் போடு செண்பகம், ஒரே மூட்டமா இருக்கு" என்றார்.

வாசலில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நானும் லைட்டைப் போட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது

ஏப்ரல் 18, வெள்ளி. திருநெல்வேலி

இரண்டு தடவை டயாலிசிஸ் ஆயிற்று. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிகிறது. என் முகம் தெரியவில்லை. தேன்மொழி என் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

புதன்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இந்த டைரியில் இதுவரைக்கும் நான் எதையும் ஒழுங்காக எழுதவில்லை. என் வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று பிப்ரவரி இருபதாம் தேதி கிராஃபிலேயே எனக்குத் தெரியும்.

பாதி வாக்கியத்தில் பேனாவை வைத்துவிட்டு லேபுக்கு ஓடினேன். மேல்தட்டில் மெத்தனால் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. என் எழுத்தில் ஒன்று பின்னால். ஞானசெல்வம் சார் எழுத்தில் நாலு முன்னால். முன்வரிசையில் ஒன்று மட்டும் அரை டம்ளர் போலக் குறைந்திருந்தது.

இவர் இரண்டாம் வருஷ வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போர்டில் எழுதியிருந்த சமன்பாடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கூப்பிட்டேன். சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"நேத்து மெத்தனால் பாட்டிலத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடுதேன்?"

"பொய் சொல்ல நேரம் இல்லைங்க. பின்னால இருக்கதுதான் எத்தனால். முன்னால இருக்கது மெத்தனாலேதான், நேத்து வந்தது, ஞானசெல்வம் சார் ஊத்தி வச்சது."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மெத்தனால்னுதான் போட்டிருந்துச்சு. மண்டையோடு போட்டிருந்துச்சு. அரை இருட்டுல யாரு எழுத்துன்னு பாக்கல. நீ எனக்காக வச்ச பொய்தான்னு நெனச்சேன்."

கணவனும் மனைவியும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், ஒரு லேபிளை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம். விஷம் என்று எழுதியிருந்தால் குடிக்கலாம் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை உண்டாக்கியவள் நான்.

ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "லேப்ல ஆவி ஏறிட்டுன்னு சொல்லிருவோம், செண்பகம். குடிச்சேன்னு தெரிஞ்சா வேலை போயிரும். புள்ளையப் பாக்கணும்லா." ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னவள். "என்ன செய்யுது சார்?" என்றாள்.

"கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. சுகரா இருக்கும்னு நெனைக்கேன்."

சுகர் பார்க்க அவர் விரலில் குத்துவதற்கு அவள் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் தேய்த்த சட்டையில், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார். யார் பார்த்தாலும் சுகர் என்றுதான் நினைப்பார்கள்.

"டாக்டர், சுகர் இல்ல. இவர் மெத்தனால் குடிச்சிருக்கார். நேத்து சாயங்காலம், அரை டம்ளர். தெரியாமக் குடிச்சது. ஆனா குடிக்கிறவர். தெனமும் குடிக்கிறவர்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. திருநெல்வேலிக்குப் போன் போட்டார்கள், ஆம்புலன்ஸ் வரவேண்டும், இதற்கென்று உள்ள மருந்து அங்கேதான் கிடைக்கும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"மேடம், நீங்க கெமிஸ்ட்ரி, உங்களுக்கே தெரியும். எத்தனால் உள்ள போனா லிவர் அதத்தான் மொதல்ல கவனிக்கும். மெத்தனால் விஷமா மாறுறது தள்ளிப்போகும். பிராந்தியோ வோட்காவோ உடனே வேணும். சீல் உடைக்காதது. சதவீதம் போட்டிருக்கணும், அளந்துதான் குடுக்கணும்."

என் லேபில் ஒரு பாட்டில் எத்தனால் இருக்கிறது. ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? நம்ப முடிகிற லேபிள் ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

டாஸ்மாக் அப்போதுதான் திறந்திருந்தது. வாசலில் பத்து இருபது ஆண்கள். நான் வரிசையின் கடைசியில் போய், கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். கழற்றவேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பினார். சுடலைமணி அண்ணன்.

"டீச்சர்! நீங்க என்ன இங்கன?"

அவராகவே தன்னைப் பற்றிச் சமாதானம் சொன்னார். "முன்னல்லாம் சாயங்காலந்தான் வருவேன் டீச்சர். இப்பம் பகல்லயும் சோலி இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கியாறேன். நீங்க அந்த மரத்தடில போயி நில்லுங்க" என்றார்.

"வேண்டாம்ண்ணே. எங்க வீட்டுக்காரருக்குத்தான். ஆஸ்பத்திரில கேக்காங்க, மருந்துக்கு. மெத்தனாலக் குடிச்சிட்டாரு." மீதியையும் சொன்னேன். "எத்தனால எடுத்ததும் அவர்தான்ண்ணே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் திரும்பி, "ஏய், ஆஸ்பத்திரிக்காம்லே, வழி விடுங்க! உயிருக்குப் போராடுத ஆளுக்குவே!" என்று சத்தம் போட்டார். வரிசை முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு இடம் விட்டது. ஒருவர் "பாத்து வாங்கம்மா, படி வழுக்கும்" என்றார்.

கம்பி ஜன்னலுக்குள் பணத்தை நீட்டும்போது போன் அடித்தது. ஞானசெல்வம் சார். வகுப்பை விட்டுவிட்டு இரண்டு பேரும் எங்கே போனோம் என்று கேட்கிறார்.

"சார், டாஸ்மாக் வாசல்ல நிக்கேன்."

"மேடம்? சரியாக் கேக்கல, எங்க நிக்கீங்க?"

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சுடலைமணி அண்ணனுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் போட்டேன். "டாஸ்மாக்ல சார். எத்தனால எடுத்துத் தண்ணி ஊத்தினது சுடலைமணி அண்ணன் இல்ல, என் வீட்டுக்காரர். எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். அண்ணன நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்க. எழுதித் தரணும்னாலும் தாறேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமணி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, அவருடைய சைக்கிள் கேரியரில் என்னை ஏறச் சொன்னார். ஆட்டோ தேடுவதைவிட அது சீக்கிரம்.

டாக்டர் அளந்து, ஆரஞ்சு ஜூஸில் கலந்து, டம்ளரை என்னிடம் கொடுத்தாள். நர்ஸ் ஆம்புலன்ஸ் வேலையாக ஓடிக்கொண்டிருந்தாள். இவருக்கு டம்ளர் தெரியவில்லை, வாசனை தெரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உன் கையால வேண்டாம், செண்பகம்" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "யாருட்டயாவது குடு. நீ தராத."

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயருகில் போன எத்தனை டம்ளரைப் பிடுங்கியிருப்பேன், எத்தனை பாட்டிலைச் சாக்கடையில் கொட்டியிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன், காலில் விழுந்திருக்கிறேன், பிள்ளை மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இடது கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்து, "குடிங்க" என்றேன். அவர் குடித்தார்.